சானமாவுக்கு வரும் ஆண் யானைகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் ஓசூர் வட்டாரச் செய்திகளில் சில ஊர்ப் பெயர்கள் தவறாமல் அடிபடும்: ஜவளகிரி, நொகனூர், ஊடேதுர்க்கம், போடூர்பள்ளம், சானமாவு. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கிளம்பும் யானைகள் தளி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்கி, ராகி அறுவடை முடியும்வரை இந்தப் பக்கமே சுற்றும். சானமாவு சின்னஞ்சிறு காப்புக்காடு. பக்கத்திலேயே பெங்களூரு–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை, சற்றுத் தள்ளி தொழிற்சாலைகள். இரவு ஷிப்ட் பஸ்கள் ஓடும் சாலையைத்தான் யானைகளும் கடக்கின்றன.

அவற்றுக்கென்று இடம் ஒதுக்காமல் இல்லை. 2014-ல் சுமார் 504 சதுர கிலோமீட்டரில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் வந்தது. 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். மூன்றும் சேர்ந்து மாதேஸ்வரன் மலை, சத்தியமங்கலம் என்று நீலகிரி வரை நீளும் காட்டுத்தொடரின் கிழக்குக் கண்ணியாக நிற்கின்றன. ஆற்றோர நீர்மருது மரங்களில் சாம்பல் நிற அணில் கூடு கட்டுகிறது. மடுக்களில் நீர்நாய் மீன் பிடிக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பும் சுற்றுலாப் பயணிகள், மேலே ஆற்றின் இருகரையிலும் இப்படியொரு காடு காக்கப்படுவதையும் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவு காடு இருக்க, யானை ஏன் வயலுக்கு வருகிறது? காடு சுருங்கிவிட்டது என்பது வழக்கமான பதில். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1980-களில் சத்தியமங்கலம், பிளிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் ஆய்வு செய்த ராமன் சுகுமார், காட்டுப் புல்லைவிடப் பயிர்களில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல் என்று காட்டினார். ராகியின் சங்கதி நமக்கே தெரியும்: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கதிர் பால்பிடித்த வயலில் யானை ஒரு கைப்பிடித் தாளைத் தும்பிக்கையால் சுற்றி வேரோடு பிடுங்கும்; முன்காலில் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு வாயில் வைக்கும். அவ்வளவு நிதானம். பெண் யானைக் கூட்டங்களைவிட வளர்ந்த ஆண்கள்தான் பல மடங்கு அதிகமாக வயலில் இறங்குகின்றன என்பதும் சுகுமார் கண்டது. ஆண் யானைக்கு உடல்பலமே இணை தேடித் தரும் மூலதனம். அதற்காக அது ஆபத்துக்குத் துணிகிறது.

2019-ல் நிஷாந்த் சீனிவாசையாவும் சுகுமார் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. காதுக் கிழிசல், தந்தத்தின் வளைவு, வால் ஆகியவற்றைக் கொண்டு 248 ஆண் யானைகளைப் படங்களிலிருந்து தனித்தனியே அடையாளம் கண்டார்கள். பருவம் வந்த ஆண், தாய்க்கூட்டத்தை விட்டு விலகிப் பெரும்பாலும் தனியே திரியும் என்பதுதான் பாடப்புத்தகம். ஆனால் வயலும் ஊரும் மிகுந்த இடங்களில் இளம் ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து, பல ஆண்டுகள்கூட ஒன்றாகவே இருந்தன. ஆபத்தான நிலத்தில் பிழைக்க அவை கண்டுகொண்ட புது வாழ்முறை இது என்கிறது ஆய்வு. மூத்த யானையோடு திரியும் இளையவை எந்த ஏரியில் பகலைக் கழிப்பது, சாலையை எப்போது கடப்பது என்றெல்லாம் பழகிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

சானமாவில் முகாமிடும் யானைகளை ‘வழி தவறி வந்தவை’ என்று இனி எழுதுவது சரியல்ல. அவை வழி தெரிந்தே வருகின்றன. வழி தெரிந்தே வருகின்றன.

ஒரே இரவில் ஆறு மாத உழைப்பைப் பறிகொடுக்கும் விவசாயியின் கோபத்தில் பிழையே இல்லை. விடிய விடிய வயல் காத்தும் பயிரை இழந்தவருக்கு இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்பாவது கைக்கு வரவேண்டும். பயிரைக் காக்கப் போடும் மின்வேலியில் யானையும் மனிதரும் சாவதைத் தடுக்க அதைவிட நேரான வழி இல்லை. அதோடு, சரணாலய எல்லைக்கு வெளியே தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கும் சானமாவு போன்ற காப்புக்காடுகளையும் அவற்றை இணைக்கும் தடங்களையும் நில வரைபடத்தில் குறித்தாக வேண்டும். அடுத்த வீட்டுமனைப் பிரிவுக்கும் ஆலை விரிவாக்கத்துக்கும் அனுமதி தரும் அதிகாரியின் மேசையில், கையெழுத்துக்கு முன்பே அந்த வரைபடம் இருக்கவேண்டும்.