நட்சத்திரம் காட்டிய எல்லைக்கோடு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் நடுவே, வயலோரங்களிலும் காட்டுக்குள்ளும் பழைய எல்லைக்கற்கள் நிற்கின்றன. இங்கிலாந்தில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த சுண்ணாம்புக்கற்கள். வடக்கு முகத்தில் ‘பி’ என்ற எழுத்து, தெற்கு முகத்தில் ‘எம்’. மைலுக்கு ஒரு கல். ஒவ்வொரு ஐந்தாவது மைல் கல்லிலும் மட்டும் எழுத்துக்குப் பதிலாக இரண்டு குடும்பங்களின் சின்னங்கள் செதுக்கப்பட்டிருக்கும். இன்று மாநிலங்களாக இருக்கும் இந்த நிலப்பரப்பு, அன்று அந்தக் குடும்பங்களின் சொத்து.

1632-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், மேரிலாந்தைக் கால்வர்ட் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1681-இல் இரண்டாம் சார்லஸ், வில்லியம் பென்னின் தந்தைக்குத் தரவேண்டிய கடனுக்கு ஈடாகப் பென்னுக்குப் பென்சில்வேனியாவைக் கொடுத்தார். பென்னின் தெற்கு எல்லை எது? நியூ காசில் ஊரைச் சுற்றி 12 மைல் தொலைவில் ஒரு வட்டம். அது 40-ஆம் அட்சரேகையைத் தொடும் இடத்திலிருந்து மேற்கே ஒரு கோடு. பட்டயம் அப்படித்தான் சொன்னது.

ஆனால், லண்டனில் வைத்துப் பார்த்த வரைபடம் தவறானது. 40-ஆம் அட்சரேகை நியூ காசிலுக்கு 20 மைலுக்கும் அதிகமாக வடக்கே ஓடுகிறது. வட்டம் அதைத் தொடவே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், பென் உருவாக்கிய ஃபிலடெல்ஃபியா நகரமே 40-க்குத் தெற்கே இருந்தது. யாருக்கு வரி கட்டுவது என்று தெரியாமல் எல்லையோர விவசாயிகள் திண்டாடினார்கள். 1730-களில் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. கடைசியில் 1760-இல் சமரசம்: ஃபிலடெல்ஃபியாவின் தென்கோடியிலிருந்து சரியாக 15 மைல் தெற்கே உள்ள அட்சரேகைதான் எல்லை.

காகிதத்தில் எழுதிய அந்தக் கோட்டைக் காட்டில் போடுவதற்காக, 1763 நவம்பரில் வானியலாளர் சார்லஸ் மேசனும் நில அளவையாளர் ஜெரமையா டிக்சனும் வந்து இறங்கினார்கள். நகரத்தின் தென்கோடி என்று காட்டப்பட்டது ஒரு வீட்டுச் சுவர். அதன் அட்சரேகையைக் கணித்தார்கள். அங்கிருந்து நேரே தெற்கே அளந்தால் டெலவேர் ஆறு குறுக்கிடும். ஆகவே அதே அட்சரேகையில் 31 மைல் மேற்கே போய், ஒரு பண்ணையில் கூடாரம் அடித்து, அங்கிருந்து 15 மைல் தெற்கே அளந்தார்கள்.

தரையில் நிற்கும் மனிதர் தன் அட்சரேகையை எப்படி அறிவார்? நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டிலிருந்து ஒவ்வொரு நட்சத்திரமும் எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே என்பது வானியல் பட்டியலில் உண்டு. 40 பாகையில் உள்ள நட்சத்திரம் நம் உச்சிக்கு நேர் மேலே கடந்தால், நாமும் 40 பாகையில் நிற்கிறோம். உச்சியிலிருந்து சற்று விலகிக் கடந்தால், அந்த விலகலைக் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். இதற்காக அவர்கள் கொண்டுவந்தது ஜான் பேர்ட் செய்த ஆறடித் தொலைநோக்கி. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு போன்ற ஒன்றுதான் அதற்கும் செங்குத்து எதுவெனச் சொல்லும். இரவின் குளிரில் மல்லாந்து படுத்து, நட்சத்திரம் உச்சியைக் கடக்கும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த அளவில் ஒரு விகலை, அதாவது பாகையில் 3600-இல் ஒரு பங்கு பிசகினால் தரையில் எல்லை 30 மீட்டர் நகர்ந்துவிடும்!

இன்னொரு சிக்கல், அட்சரேகை நேர்கோடு அல்ல. மேற்கு பார்த்துப் புறப்பட்டு வளையாமல் நடந்தால், பூமியின் உருண்டை வடிவம் நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே கொண்டுபோய்விடும். எனவே சற்று வடக்காகச் சாய்ந்து புறப்பட்டு, ஏறக்குறைய 12 மைலில் மறுபடி அட்சரேகைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே கூடாரம், மீண்டும் நட்சத்திரங்கள், பிறகு அடுத்த 12 மைல். முன்னால் கோடரிக்காரர்கள் எட்டு ஒன்பது கஜ அகலத்துக்கு மரங்களை வெட்டிப் பாதை திறந்தார்கள். பின்னால் 66 அடிச் சங்கிலி அளந்துகொண்டே வந்தது.

1767 அக்டோபரில், ஏறக்குறைய 233 மைல் கடந்தபோது, பூர்வகுடிகளின் போர்ப்பாதை ஒன்று குறுக்கே வந்தது. உடன் வந்த ஹோடினோசோனி பூர்வகுடி வழித்துணைவர்கள் அதைத் தாண்ட மறுத்தார்கள். அளவை அங்கேயே நின்றது. மன்னர்கள் தானம் செய்த நிலத்துக்கு ஏற்கெனவே உரியவர்கள் இருந்தார்கள் என்பதை அந்தப் பாதை சொன்னது.

நவீன கருவிகளால் சோதித்தால், சில கற்கள் சில நூறு அடி விலகியிருக்கின்றன. முக்கியக் காரணம் மலைகள்: அவற்றின் ஈர்ப்பு தூக்குக்குண்டை லேசாகத் தம் பக்கம் இழுத்துவிடும். பின்னர் அதே விளைவை வைத்துத்தான், 1774-இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையருகே பூமியின் அடர்த்தியைக் கணக்கிட அளவெடுத்தார்கள். அதற்கு ஏற்ற மலையைத் தேடிப் போனவர் இதே மேசன்தான்.

1780-இல் பென்சில்வேனியா, அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் இயற்றியது. மேரிலாந்து இயற்றவில்லை. இரண்டு நிலவுடைமைக் குடும்பங்களின் சொத்துத் தகராறுக்குப் போட்ட கோடு, மனிதரின் விடுதலைக்கே எல்லையானது. 1849-இல் மேரிலாந்தில் அடிமை வாழ்விலிருந்து தப்பிய ஹாரியட் டப்மன், துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபடி இரவுகளில் நடந்து பென்சில்வேனியாவை அடைந்தார். பிறகு பலமுறை திரும்பிப் போய்ப் பலரை அழைத்து வந்தார். மேரிலாந்தில் அடிமை முறை 1864 நவம்பர் 1 அன்றுதான் முடிந்தது.