கோர்ட்டுப் படி – 7: வாசலில் ஒட்டிய சம்மன்

கோர்ட் அமீனா தெருவில் வருகிறார் என்றால் கதவைச் சாத்திக்கொள்வது நம் ஊர்களில் இன்றும் ஒரு தற்காப்புக் கலை. சம்மனில் கையெழுத்துப் போடாவிட்டால் கேஸ் நம்மைத் தொடாது என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள். அமீனா சண்டைக்கு நிற்பதில்லை. வாங்க மறுத்தால் ஒரு நகலை வாசற்கதவில் ஒட்டிவிட்டு, எப்போது, யார் முன்னிலையில் ஒட்டினேன் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். கோர்ட் அதை ஏற்றுக்கொண்டால் சம்மன் சார்வு ஆன கணக்குத்தான். 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிபதி அவகாசம் கொடுத்தால் 90 நாள் வரை போகலாம். வாய்தா அன்று கூப்பிடும்போது யாரும் ஆஜராகவில்லையென்றால், ‘எக்ஸ்பார்ட்டி’.

சென்ற வாரம் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கதையைப் பார்த்தோம். 1976-இல் அரசியலமைப்பில் 39ஏ சேர்ந்தது, 1987-இல் சட்டம் வந்தது, அது நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 வரை ஆனது. டெல்லியின் தாமதம் அது. இந்த வாரம் பார்க்கப்போவது வீட்டு வாசலில் நடக்கும் தாமதம். என்னைக் கேட்டால், கிராமத்து சிவில் வழக்குகளில் அதிகச் சேதம் செய்வது இதுதான்.

முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இப்படிப் பல குடும்பங்கள் உண்டு என்பதால் பெயர் வேண்டாம். குண்டு மிளகாய் வெள்ளாமைக்காகக் கணவர் கடன் வாங்குகிறார். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து; தொகை எழுதும் இடம் காலி. பிறகு அவர் இறந்துபோகிறார். மூன்று வருடக் காலக்கெடு முடியும் தறுவாயில் கடன் கொடுத்தவர் புரோநோட்டில் தொகையை நிரப்பி, வாரிசுகளான மனைவி மேலும் பிள்ளைகள் மேலும் வழக்குப் போடுகிறார். ஒட்டிய சம்மனைக் கிழித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைக்கிறார்கள். பிறகு ஒருநாள் ஜப்திக்கு ஆள் வருகிறது.

வீடு போச்சு, மாடு போச்சு என்றுதான் அந்தப் பெண் நினைப்பார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவரின் கடனுக்கு, அவர் விட்டுச்சென்று தன் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே வாரிசு பொறுப்பு. தான் கூலி வேலை செய்து வாங்கிய ஆட்டுக்கும் அந்தக் கடனுக்கும் சம்பந்தமில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை இவற்றை ஜப்தி செய்யக்கூடாது. விவசாயியின் பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட் கருதும் ஏர் கருவி, மாடு, விதைத் தானியத்தைத் தொடக்கூடாது. விவசாயியோ கூலியாளோ குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. அந்த வீட்டையே அடமானம் வைத்திருந்தால்தான் கதை வேறு. பணம் கட்டச் சொல்லும் டிகிரிக்காகப் பெண்ணைக் கைது செய்யவும் முடியாது. 56-ஆவது பிரிவு. வட்டிக்கு விடுகிறவர்கள் பெண்களை மிரட்டும்போது இந்தப் பிரிவை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

ஆனால் இதையெல்லாம் கோர்ட்டில் எழுந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் வட்ட சட்டப் பணிகள் குழு. தாலுகா கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். அங்குள்ள மூத்த நீதிபதிதான் தலைவர். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானத்துக்கு மனுதாரரின் பிரமாணப் பத்திரமே போதும் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. இருந்தும் தாசில்தார் சான்று வாங்கி வா என்று திருப்பி அனுப்பும் பழக்கம் பல மேசைகளில் ஒழியவில்லை. அந்த அலைச்சலில் கூலி போகும், கெடுவும் போகும்.

அங்கே நடக்கும் முதல் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“ஏம்மா, இந்தப் பேப்பர் எப்ப வந்துச்சு?”

“மாசியில, பழம் எடுக்கையில வந்துச்சு சார்.”

“தேதி?”

“அதுக்கு மறுவாரந்தான் மக சடங்கு சார்.”

இவருக்கு மாசி போதும். கோர்ட்டுக்குத் தேதி வேண்டும். எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்துசெய்ய 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை என்றால் மட்டும் விஷயம் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு தனி மனு, ஒவ்வொரு நாளுக்கும் சமாதானம். மனு ஏற்கப்பட்டாலும் டிகிரித் தொகையில் ஒரு பகுதியைக் கோர்ட்டில் கட்டு என்று நிபந்தனை வரலாம். சம்மன் வந்த வாரமே வந்திருந்தால் இந்தச் சுற்றுக்கே வேலையில்லை. புரோநோட்டில் நிரப்பிய தொகையைப் பற்றியே நேராகக் கேள்வி கேட்டிருக்கலாம்.

குழு நியமிக்கும் வக்கீல் கட்சிக்காரரிடம் ஒரு பைசா வாங்கக்கூடாது. கோர்ட் கட்டணம், நகல் செலவு எல்லாம் உதவியில் அடங்கும். ‘சும்மா வர்ற வக்கீல் சும்மாதான் நிப்பாரு’ என்ற பேச்சும் ஊரில் உண்டு. அது முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பேனல் வக்கீலுக்குக் கிடைக்கும் தொகை சொற்பம். அக்கறை ஆளுக்கு ஆள் மாறும். வக்கீல் சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லிக் குழுவிடமே மனுக் கொடுக்கலாம். பயந்துகொண்டு யாரும் கொடுப்பதில்லை. ஊருக்குள் வரும் சட்ட உதவித் தன்னார்வலர் வக்கீல் அல்ல. ஆனால் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் தாளை எடுத்துப் படித்து, “இன்னைக்கே பஸ் ஏறுங்கக்கா” என்று சொல்ல வக்கீல் பட்டம் எதற்கு? பஸ்ஸுக்கு வழியில்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் போடலாம்.

மக்கள் நீதிமன்றம் பற்றி ஓர் எச்சரிக்கை. கடன் வழக்குகள் அங்கே நிறையப் போகின்றன. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சமரசத்துக்கு ஒப்பவில்லையென்றால் வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பும், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அது சிவில் கோர்ட் டிகிரிக்குச் சமம். அதற்கு அப்பீல் கிடையாது. ரிட் போட வழி உண்டு என்றாலும் அது மிகக் குறுகிய வழி. எத்தனை தவணை, ஒரு தவணை தவறினால் என்ன என்பதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் ரேகை வைக்க வேண்டும். அன்றைய தினம் எத்தனை வழக்கு முடிந்தது என்ற கணக்கு மறுநாள் பேப்பரில் வரும். அந்த அவசரம் அவர்களுடையது.

கடன் வழக்காவது காசோடு நிற்கும். கூட்டுப் பட்டாவில் பெயர் விட்டுப்போன பெண்கள் இதே குழுவிடம் வரும்போது என்ன நடக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.