மடிக்கணினிக்கு இன்றியமையாத மென்பொருள்கள்

ஊராட்சி அலுவலகம், பள்ளி, கூட்டுறவுச் சங்கம், சிறு வணிக நிலையம் என நாட்டின் பல பகுதிகளிலும் இன்று கணக்குகளும் ஆவணங்களும் கணினியில் பராமரிக்கப்பட்டு வருகின்றன. சில ஆண்டுகள் பயன்பட்ட மடிக்கணினி வேகம் குன்றும்போதோ, அதில் தீய நிரல்கள் புகுந்துவிடும்போதோ, உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது வழக்கம். இவ்வாறு தூய்மை செய்யப்பட்ட கணினியில், பழுது பார்ப்பவர் தம்மிடமுள்ள மென்பொருள்கள் அனைத்தையும் ஏற்றித் தந்துவிடுவதும் உண்டு. அவற்றுள் பல ஒருநாளும் பயன்படுவதில்லை. ஆயினும் அவை இடத்தை அடைத்துக்கொள்கின்றன. காலந்தோறும் புதுப்பிக்கப்படவும் வேண்டியுள்ளன. புதுப்பிக்கத் தவறிய மென்பொருளே தீய நிரல் நுழையும் வாயிலாகிறது. எனவே, எவற்றை நிறுவுவது என்பதைப் போலவே எவற்றைத் தவிர்ப்பது என்பதும் முக்கியமாகும்.

அழிப்பதற்கு முன்

தேர்வு, பழைய இயங்குதளத்தை அழிப்பதற்கு முன்பே தொடங்குகிறது. கோப்புகள் அனைத்தும் வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுக்கப்பட வேண்டும். விலை கொடுத்து வாங்கிய கணக்குப் பதிவு மென்பொருள் இருப்பின் அதன் உரிம விவரங்களைக் குறித்து வைத்தல் வேண்டும்.

பலர் மறந்துவிடும் மற்றொன்று எழுத்துரு. யூனிக்கோடு பரவலாவதற்கு முன், இந்தி ஆவணங்கள் குருதிதேவ் போன்ற எழுத்துருக்களிலும், தமிழ் ஆவணங்கள் பாமினி போன்றவற்றிலும் தட்டச்சு செய்யப்பட்டன. இவற்றின் குறியீட்டு முறை தனித்தனியானது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். ஆகவே, அந்த எழுத்துருக்களையும் சேமித்து வைத்து, பழைய ஆவணங்களைப் படிப்படியாக யூனிக்கோடுக்கு மாற்றிக்கொள்வது அவசியமாகும்.

முதற்பணி பாதுகாப்பு

இயங்குதளம் நிறுவப்பட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் முழுவதையும் பெறுவதாகும். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் தீய நிரல் 150-க்கு மேற்பட்ட நாடுகளில் கணினிகளை முடக்கியது. அது பயன்படுத்திய குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்காத கணினிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் தேவை. இவை இல்லாத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் வகை இயங்குதளங்கள் தக்க மாற்றாகும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இவ்வகையைச் சேர்ந்தது. இந்திய மொழிகளில் பணியாற்றும் வசதி கொண்டது.

விண்டோஸில் நச்சு நிரல் தடுப்பு மென்பொருள் உடனமைந்தே வருகிறது. அதற்கு மேல் இரண்டு, மூன்று தடுப்பு மென்பொருள்களை ஒருசேர நிறுவினால் அவை ஒன்றுக்கொன்று இடையூறு செய்யும். கணினியின் வேகமும் குறையும்.

பணிக்கேற்ற தேர்வு

அடுத்து, அக்கணினியில் அன்றாடம் நடைபெறும் பணிகளைத் தாளில் எழுதிப் பார்த்தல் நலம். கடிதமும் கணக்கும் எழுத ஓர் அலுவலகத் தொகுப்பு, இணையத்தைக் காண ஓர் உலாவி, படமும் பாடமும் காண வி.எல்.சி. போன்ற ஓர் இயக்கி ஆகியவற்றுடன் பெரும்பாலான தேவைகள் நிறைவேறிவிடும். பி.டி.எப். கோப்புகளை உலாவியிலேயே படிக்கலாம். சிப் முறையில் சுருக்கிய கோப்புகளை விண்டோஸே விரித்துத் தரும். இவற்றுக்கெனத் தனி மென்பொருள் பலருக்குத் தேவைப்படாது.

இந்திய மொழித் தட்டச்சுக்கும் பொருட்செலவு தேவையில்லை. 1986-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை முறை இன்றைய இயங்குதளங்களில் உடனமைந்துள்ளது. ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே விசை என்பது இதன் அடிப்படை. ஒரு மொழியில் பழகியவர் மற்றொரு மொழியில் எழுதுவதும் இதனால் எளிதாகிறது.

விலையும் சட்டமும்

விலை கொடுக்காமல் திருட்டுப் பிரதியைப் பயன்படுத்துவது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் உரிமப் பூட்டை உடைக்கும் நிரல்களோடு தீய நிரல்களும் சேர்ந்தே வரக்கூடும். மேலும், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி, அத்தகைய பிரதியை அறிந்தே பயன்படுத்துவது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதத்துக்கும் உரிய குற்றமாகும். ஆதாய நோக்கமற்ற பயன்பாட்டில் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இதற்கு நேர்வழி மாற்று, கட்டற்ற மென்பொருளாகும். அரசு அமைப்புகளில் திறந்த மூல மென்பொருளைப் பின்பற்றுவதற்கான கொள்கையை இந்திய அரசு 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டது. லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலகத் தொகுப்பு இவ்வகையைச் சேர்ந்தது. வேறு தொகுப்பில் உருவான ஆவணத்தை இதில் திறக்கும்போது பக்க அமைப்பு சில வேளைகளில் மாறக்கூடும். எனவே முக்கியமான படிவங்களை முன்னதாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். எந்த மென்பொருளையும் அதனை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ, இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்தோ மட்டுமே பெறுவது பாதுகாப்பானது.

கேரளம் காட்டும் வழி

திட்டமிட்ட தேர்வுக்குக் கேரளப் பள்ளிகள் சிறந்த எடுத்துக்காட்டு. 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அது ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. பாடத்திட்டத்துக்குத் தேவையான மென்பொருள்கள் லினக்ஸ் இயங்குதளத்துடன் இணைக்கப்பட்டு, ஒரே தொகுப்பாகப் பள்ளிகளுக்கு வழங்கப்படுகின்றன. பாடம் முதலில் முடிவாகிறது; அதற்கேற்ப மென்பொருள் அமைகிறது.

இம்முறையைச் சிறிய அலுவலகங்களும் பின்பற்றலாம். நிறுவிய மென்பொருள்களின் பெயர், நாள், உரிம விவரம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதனைப் பார்த்துப் பயன்படாதவற்றை நீக்கிவிடலாம். வாரந்தோறும் கோப்புகளைப் படியெடுத்து வேறோர் இடத்தில் பாதுகாப்பதும் தவறாமல் நடைபெற வேண்டும். மென்பொருளை எப்போது வேண்டுமாயினும் மீண்டும் நிறுவலாம். இழந்துவிட்ட நிலப் பதிவையோ, மாணவரின் மதிப்பெண் பட்டியலையோ, சங்கத்தின் கடன் கணக்கையோ அவ்வாறு மீட்பது அரிது.