குளிர் கொல்வதில்லை

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் ஜனவரி இரவு மைனஸ் 30 டிகிரிக்கு இறங்குவது சர்வசாதாரணம். அந்தக் குளிரில் மரப்பெட்டிக்குள் தேனீக்கள் விறைத்துச் செத்துப்போகும் என்றுதான் தோன்றும். சாவதில்லை. ராணியை நடுவில் விட்டு, பந்துபோல் திரண்டு ஒட்டிக்கொள்கின்றன. இறக்கையை அசைக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் நடுங்கவிட்டுச் சூடு உண்டாக்குகின்றன. எரிபொருள், சேர்த்துவைத்த தேன்தான்.

பெட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் வேறு: உண்ணி, பசி, ஈரம். அதனால் அங்கே குளிர்கால வேலை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. கோடையில் பிறக்கும் பணித் தேனீக்கு ஆயுள் ஆறு வாரம். இலையுதிர் காலத்தில் பிறப்பதோ ஐந்தாறு மாதம் வாழும். வித்தியாசம், உடம்பில் சேரும் கொழுப்பு. வரோவா உண்ணி தின்பதும் அந்தக் கொழுப்புத் திசுவைத்தான்! குளிர்காலத் தேனீக்கள் புழுவாக இருக்கும் நாளுக்கு முன்பே உண்ணிக்கு மருந்து வைத்தாக வேண்டும். அக்டோபரில் வைப்பது, திருடன் போனபின் கதவைச் சாத்துவது. 2021-22 குளிர்காலத்தில் மட்டும் கனடா தன் தேனீக் கூட்டங்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தை இழந்தது. அதற்கு வளர்ப்பவர்கள் சொன்ன காரணங்களில் முன்னால் நின்றது வரோவா.

அடுத்தது சாப்பாடு. ஒரு பெட்டிக்கு முப்பது கிலோவுக்குக் குறையாமல் தேன் இருப்பது நல்லது. குறைந்தால், இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்த பாகு வைக்கிறார்கள். தேனீக்கள் அதை வற்றவைத்து மெழுகால் மூட அவகாசம் வேண்டும். கடும்குளிர் வந்தபின் வைத்துப் பயனில்லை. நம் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பவர்களுக்கும் சர்க்கரைப் பாகு பழக்கம்தான். அங்கே எதிரி பனியல்ல, பூவில்லாத மழை மாதங்கள்.

ஈரத்தைத்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். தேனைத் தின்னும் கூட்டம் நீராவியை வெளிவிடும். அது குளிர்ந்த மூடியில் படிந்து, சொட்டுச்சொட்டாகத் தேனீக்கள் மேலேயே விழும். காய்ந்த தேனீ குளிரைத் தாங்கும், நனைந்தது தாங்காது. அதற்காக மேலே சிறு துளை விட்டு, பெட்டியைச் சற்று முன்பக்கம் சாய்த்து வைக்கிறார்கள். வெதுவெதுப்பைத் தேடி எலி புகும் என்பதால் வாசலையும் குறுக்கிவிடுகிறார்கள். பெரிய அளவில் வளர்ப்பவர்களில் பலர் பெட்டிகளை இருட்டுக் கொட்டகைக்குள் அடுக்கி, சுமார் 5 டிகிரியில் வைத்துக்கொள்கிறார்கள்.

இத்தனையும் செய்து ஜனவரியைத் தாண்டிய பெட்டி, மார்ச்சில் பட்டினியால் காலியாவதும் உண்டு. பனி உருகும் முன்பே ராணி முட்டையிடத் தொடங்கிவிடும். புழுக்களுக்காகப் பந்தின் நடுவே சூட்டை 34 டிகிரிக்கு ஏற்ற வேண்டியிருப்பதால் தேன் மளமளவென்று கரையும். அனுபவசாலிகள் அந்த மாதத்தில் மூடியைத் திறப்பதில்லை. பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கி, கனம் பார்க்கிறார்கள்.