பதினொரு நாடகங்களை மீட்ட 1981ஆம் ஆண்டு மென்பொருள்

கோப்பு ஒன்றை நண்பருக்கு அனுப்ப நமக்கு இரண்டு விநாடி போதும். ஆனால், கோப்பு இருக்கும் கணினியில் வைஃபை இல்லை, யுஎஸ்பி இல்லை, நெகிழ்வட்டு இயக்கியும் பழுது என்றால் என்ன செய்வீர்கள்?

என் மாமாவின் பழைய டாஸ் கணினி அப்படிப்பட்டது. 1990களில் நண்பர்களின் மேடை நாடகக் குழுவுக்காக அவர் தட்டச்சு செய்த பதினொரு நாடகங்கள் அதில் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே அச்சுப்படி மிஞ்சியிருந்தது. கணினியை முடுக்கும்போதெல்லாம் வன்தட்டு கரகரவெனச் சத்தம் போட்டது. அதைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தலாம் என்றேன். “கழற்றும்போது போயிடுச்சுன்னா எல்லாமே போச்சு” என்று மாமா மறுத்துவிட்டார்.

மிஞ்சியது, கணினியின் பின்புறம் இருந்த ஒன்பது ஊசித் தொடர் இணைப்பு. வன்தட்டில் இன்னொன்றும் இருந்தது: மாமா மாணவராக இருந்தபோது மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியுடன் தொடர்புகொள்ளப் பயன்படுத்திய ‘கெர்மிட்’ மென்பொருள்.

கெர்மிட் 1981இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கிருந்த பெரிய கணினிகளில் மாணவர்களுக்குக் கிடைத்த சேமிப்பிடம் மிகக் குறைவு. கோப்புகளைச் சிறு கணினிக்கு மாற்றி நெகிழ்வட்டில் வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. ஃபிராங்க் டா குரூஸும் பில் கேட்சிங்ஸும் அதை வடிவமைத்தனர். ‘மப்பெட்’ நிகழ்ச்சியின் பச்சைத் தவளைதான் பெயருக்குக் காரணம்.

அதன் வேலைமுறை எளிமையானது. கோப்பைச் சிறு பொட்டலங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணையும் சரிபார்ப்புத் தொகையையும் சேர்க்கிறது. பெறும் கணினி அந்தத் தொகையைத் தானே கணக்கிட்டுப் பார்த்து, சரியென்றால் ‘கிடைத்தது’ என்றும் தவறென்றால் ‘மீண்டும் அனுப்பு’ என்றும் பதில் தருகிறது. அக்காலத்து இணைப்புகள் சில குறிகளை விழுங்கிவிடும். எனவே, தடுமாற வைக்கும் குறிகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றியே கெர்மிட் அனுப்பும். பைட்டுக்கு ஏழு பிட் மட்டுமே செல்லும் இணைப்பிலும் அது வேலை செய்யும். அத்தகைய இணைப்பில் யூனிகோடு ‘அ’ ஒன்றை அனுப்ப ஏழு எழுத்துகள் தேவைப்படும். மெதுவானதுதான், ஆனால் பத்திரமாகப் போய்ச் சேரும்.

சிம் லிம் டவரில் கம்பியும் யுஎஸ்பி மாற்றியும் வாங்கினேன். ஒரு கணினி அனுப்பும் ஊசி மறு கணினி பெறும் ஊசியுடன் இணையும்படி கம்பி குறுக்காக இருக்க வேண்டும். என் லினக்ஸ் மடிக்கணினியில் ‘சி-கெர்மிட்’ நிறுவி, இரு பக்கமும் வேகத்தை 9600 பிட் என ஒன்றாக அமைத்தேன். ஒரு நாடகம் வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு, பதினொன்றும் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பைட்டுகள் பழுதின்றி வந்தன. ஆனால், திரையில் தெரிந்தவை புரியாத ஐரோப்பியக் குறிகள்! யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தன. அச்சுப்படி இருந்த நாடகத்தைச் சாவியாகக் கொண்டு, எந்தக் குறி எந்த எழுத்து என அட்டவணை போட்டோம். பழைய முறையில் ‘கெ’ என்பதன் கொம்பு ‘க’வுக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடிலோ பின்னால் வர வேண்டும். இதற்கென எழுதிய சிறு நிரலைச் சரிசெய்ய மூன்று வாரம் பிடித்தது. இப்போது பதினொரு நாடகங்களையும் மாமா கைப்பேசியிலேயே படிக்கிறார்.

முப்பது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு கணினிகள் எப்படிப் பேசிக்கொண்டன? கெர்மிட்டின் விதிகள் தொடக்கம் முதலே வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் தம் கணினிக்கு ஒரு கெர்மிட் எழுதலாம் என்பதால் நூற்றுக்கணக்கான கணினி வகைகளுக்கு அது சென்றது. 2011இல் கொலம்பியா அத்திட்டத்தை முடித்துக்கொண்டபோது, மூல நிரல் திறந்த உரிமத்தில் வெளியானது. அதன் பிறகும் டா குரூஸ் அதைப் பராமரித்து வந்தார். பராமரிப்பு என்பது சும்மா வைத்திருப்பது அன்று. இயங்குதளங்களும் தொகுப்பிகளும் மாற மாற, பழைய நிரல் வரிகளை யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும்.

கணினியியல் படிக்கும் நமக்குப் புதிய செயலி எழுதத்தான் ஆசை. பழையதை ஓட வைப்பதிலும் கற்க நிறைய உண்டு. வீட்டில் பழைய கணினி இருந்தால், காராங் கூனிக்காரரிடம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று அதைப் பயன்படுத்தியவரிடம் கேளுங்கள். வன்தட்டு நமக்காகக் காத்திருக்காது.