வாளேந்திய சிங்கமும் ‘சிலோன்’ என்னும் பெயரும்

1972ஆம் ஆண்டில் நமது நாடு ‘சிலோன்’ என்ற பெயரைக் கைவிட்டு ‘ஸ்ரீ லங்கா’ ஆயிற்று. எனினும், ஹற்றனிலும் நுவரெலியாவிலும் பறிக்கப்படும் கொழுந்து இன்றும் பழைய பெயருடனேயே கப்பலேறுகின்றது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய பயிர்ச்செய்கை உலகச் சந்தையில் ஈட்டிய மதிப்பு அத்தகையது.

மதிப்புள்ள பெயருக்குக் கள்ளர் பயமும் உண்டன்றோ? பிறநாட்டு வியாபாரி ஒருவர் மலிவான தேயிலையில் நமது தேயிலையைச் சிறிதளவு கலந்து, பெட்டியின்மேல் ‘சிலோன்’ என்று அச்சிட்டுவிட்டால், வாங்குவோர் எங்ஙனம் அறிவர்? இதனைத் தடுப்பதற்கே வாளேந்திய சிங்கச் சின்னம் பயன்படுகின்றது. இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரிய இச்சின்னத்தை, முற்றிலும் இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட தேயிலைக்கே பொறிக்கலாம். தூய தேயிலையாயினும், மூட்டையாகச் சென்று வெளிநாட்டில் பொதி செய்யப்பட்டால் அதற்குச் சிங்கம் கிடையாது. பலர் கவனியாத நுட்பம் இது.

ஆனால், வியாபாரக் குறியின் உரிமை நாட்டெல்லையைத் தாண்டுவதில்லை. கொழும்பில் பதிந்த சின்னம் மாஸ்கோவில் தானாகச் செல்லாது. 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையில் நாம் 1952இல் சேர்ந்தோம். அதனால், அந்நிய நாடுகளில் அந்நாட்டவருக்கு ஒப்பான உரிமை நமக்குக் கிடைத்ததேயன்றி, நாடுதோறும் பதியும் சிரமம் நீங்கவில்லை. சிங்கத்தைப் போன்றதொரு சின்னத்தை ஒருவர் எங்கேனும் பதிய முற்பட்டால், குறித்த தவணைக்குள் ஆட்சேபம் தெரிவித்தாகவேண்டும். தூரதேசத்துக் கடைத்தெருவைக் கொழும்பிலிருந்து பார்க்க முடியாது. அங்கே தூதரகத்தின் கண்ணும், அந்நாட்டு அமைச்சுடன் பேசும் நாவும் வேண்டும்.

எல்லா வழக்கும் வெல்வதுமில்லை. ‘டார்ஜிலிங்’ என்ற பெயரில் பெண்களின் உள்ளாடை விற்ற பிரெஞ்சுக் கம்பெனிக்கு எதிராக இந்தியத் தேயிலைச் சபை போராடியது. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதன் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

நமது நாட்டிலோ, புவியியற் குறியீடுகளைப் பதிவுசெய்வதற்கான சட்டத் திருத்தமே 2022இல்தான் வந்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பைப் பெற்று, கறுவா தேயிலையை முந்திக்கொண்டது. இத்துணைக் காலதாமதம் நமக்கு உவப்பாயில்லை. கலப்படத்தால் பெயர் கெட்டு விலை வீழ்ந்தால், முதலில் வாட்டமுறுவது லயத்து அடுப்பே.

‘சிலோன்’ என்ற பெயருக்குப் புகழ் தேடிக்கொடுத்த மலையகத் தமிழருள் பெரும்பாலோருக்கு, 1948ஆம் ஆண்டின் சட்டம் அதே சிலோனின் குடியுரிமையை மறுத்தது. எஞ்சியிருந்தோருக்கு அது கிடைத்தது 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே. சிங்கச் சின்னம் வழங்குமுன் தேயிலை எங்கு விளைந்தது, எங்கு பொதி செய்யப்பட்டது என்றெல்லாம் சோதிக்கின்றனர். 2024இல் நாளொன்றுக்கு 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்ட கூலி, கொழுந்தெடுத்தவளின் கைக்குச் சேர்ந்ததா என்ற கேள்வி அச்சோதனையில் இல்லை.