மெட்ராஸ் ஐ: பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமா?

வகுப்பில் ஒரு மாணவன் கறுப்புக் கண்ணாடியுடன் வந்து உட்காருகிறான். உடனே பக்கத்திலிருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "அவன் கண்ணைப் பார்க்காதே, ஒட்டிக்கொள்ளும்!" நீங்களும் ஒருமுறையாவது இப்படிச் சொல்லியிருப்பீர்கள், அல்லவா?

பார்வை வழியாக எந்த நோயும் பரவுவதில்லை. இது பரவுவது பெரும்பாலும் கைவழியாக.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். ஈரமான, இளஞ்சிவப்பான பகுதி தெரிகிறதா? அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு இமை இணைப்படலம் என்று பெயர். இது அப்படியே மடிந்து, விழியின் வெள்ளைப் பகுதியையும் மூடுகிறது. ஒளி ஊடுருவும் சவ்வு ஆதலால் அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. கிருமிகள் தாக்கும்போது இதிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன, கண் சிவக்கிறது.

மெட்ராஸ் ஐ நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது அடினோவைரஸ். என்டிரோவைரஸ் வகையும் உண்டு. 1969இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் அது பரவியபோது, அமெரிக்கர்கள் சந்திரனில் இறங்கிய ஆண்டு என்பதால் மக்கள் அதற்கு 'அப்போலோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாவம், சந்திரனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை!

நோயுற்றவர் கண்ணைக் கசக்குகிறார். அதே கையால் பேனாவை, கதவின் கைப்பிடியைத் தொடுகிறார். அடினோவைரஸ் உலர்ந்த பரப்பிலும் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். அங்கே பட்ட உங்கள் விரல் கண்ணுக்குப் போனால் முடிந்தது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், பரவுவதைத் தடுக்காது. துண்டும் தலையணையும் தனியாக இருப்பதும், அடிக்கடி கை கழுவுவதும், சில நாள் பள்ளிக்கு விடுப்பு எடுப்பதுமே தடுக்கும்.

எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ அல்ல. வைரஸ் என்றால் நீர் தாரையாக வடியும். சிலருக்குக் காதின் முன்புறம் சிறு கட்டி போல வலிக்கும். காலையில் மஞ்சள் பீளை இமைகளை ஒட்டிவிட்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். இரு கண்களும் தாங்கமுடியாமல் அரித்தால் ஒவ்வாமையை நினைக்கவேண்டும். ஆனால் உறுதி செய்யவேண்டியவர் மருத்துவரே.

பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பயன்படும். வைரஸை அது ஒன்றும் செய்யாது. வைரஸ் நோய் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானாகவே அடங்கும். சுத்தமான ஈரத்துணி ஒத்தடம் இதமளிக்கும். தாய்ப்பால், இலைச்சாறு எதையும் கண்ணில் விடவேண்டாம். கடுமையான வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தில் கண் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள், கருவிழி பாதிக்கப்பட்டிருக்கலாம்.

இன்னொன்று. சென்ற ஆண்டு அக்காவுக்கு வாங்கிய சொட்டு மருந்து அலமாரியில் இருக்கிறதா? அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். சிவப்பு சட்டென்று மறையும். ஆனால் அக்கி வகை வைரஸ் கண்ணில் இருந்தால் கருவிழியில் புண் பெருகிப் பார்வையே போகலாம். மேலும், திறந்த புட்டியைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இன்றே எடுத்து எறிந்துவிடுங்கள்.